பழைய லப்டொப்புகளை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாமா?

சுதன் (ஹரோ):
எல்லாருக்கும் வணக்கம். விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றதும் லண்டனில் ஒரு அலுவலகம் தன் லப்டொப்புகளைக் கழித்துவிட்டது. முப்பதளவில் எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்குக் கிடைத்தன. கேள்விப்பட்ட ஆட்கள் வீட்டில் கிடந்த பெட்டி மொனிற்றர், பிரிண்டர் என்று கொண்டுவந்து குவிக்கிறார்கள். எல்லாவற்றையும் கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கப்பலில் போட நினைக்கிறோம். ஓடாததை அங்கே திருத்திக்கொள்ளலாம், கூலி குறைவு என்கிறார் தலைவர். ஆனால் கப்பல் ஏஜென்ட் ஒவ்வொன்றும் வேலை செய்யும் என்பதற்குக் கடிதம் கேட்கிறார். நன்கொடைக்கும் இது தேவையா?

மணிவண்ணன் (பேர்மிங்காம்):
தம்பி சுதன், கட்டாயம் தேவை. அலுவலகக் கணினிகளைத் திருத்தி விற்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். வெளிநாட்டுக்குப் போகிறவற்றைச் சோதிப்பது என் பொறுப்பு. அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பாவித்த மின்பொருள் வேலை செய்யும் என்று அனுப்புகிறவர்தான் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது கழிவு. கழிவு என்று ஆனதும், நாடுவிட்டு நாடு கழிவு போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கை வந்துவிடும். 1989இல் வந்த அந்த உடன்படிக்கை முன்பு ஆபத்தான மின்கழிவுக்குத்தான் இறுக்கமாக இருந்தது. கானாவும் சுவிட்சர்லாந்தும் கொண்டுவந்த திருத்தம் 2022இல் நிறைவேறியது. 2025 ஜனவரி 1 முதல் ஆபத்தில்லாத மின்கழிவுக்கும் பெறுகிற நாட்டின் எழுத்துச் சம்மதம் முன்கூட்டியே வேண்டும். ஆபத்தான கழிவை இங்கிருந்து இலங்கைக்கு அனுப்பவே முடியாது. ஓடாத பெட்டி மொனிற்றர் அந்த வகை. அதன் கண்ணாடிக்குள் ஈயம் இருக்கிறது.

கானா ஏன் முன்னுக்கு நின்றது என்பது அதன் தலைநகர் அக்ராவில் மின்கழிவுக் குப்பைமேடாக இருந்த அக்போக்புளோஷியை அறிந்தவர்களுக்கு விளங்கும். பாவித்த பொருள் என்ற பெயரில் இறங்கிய கணினியும் ரிவியும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. பொடியன்கள் செம்புக்காக வயரை எரித்தார்கள். அங்கே மேய்ந்த கோழிகளின் முட்டையைச் சோதித்து 2019இல் ஓர் அறிக்கை வந்தது. ஒரு முட்டை சாப்பிட்டாலே, ஒருவர் ஒரு நாளில் தாங்கலாம் என்று ஐரோப்பா வைத்திருக்கும் அளவைப்போல 220 மடங்கு டையொக்சின் என்ற நச்சு உடம்புக்குள் போகுமாம். 2021இல் அரசு அந்த இடத்தை இடித்துத் தள்ளியது. வேலை நிற்கவில்லை, பக்கத்து இடங்களுக்குச் சிதறியது.

இலங்கையும் பட்டதுதான். 2017க்குப் பிறகு பாவித்த மெத்தை, கம்பளம் என்று பிரிட்டனிலிருந்து கொழும்புக்கு வந்த கொள்கலன்களுக்குள் ஆஸ்பத்திரிக் கழிவும் இருந்தது. வழக்கு நடந்து, கடைசிக் கொள்கலன்கள் திரும்பிப் போக 2022 பெப்ரவரி ஆகிவிட்டது. உங்கள் பொதியைச் சுங்கத்தில் திறக்கிறவர்களுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்கும்.

இப்போது லப்டொப்புக்கு வருவோம். முதலில் ஒவ்வொன்றையும் தட்டையான மேசையில் வையுங்கள். ஆடினாலோ, கீபோர்டுக்குக் கீழே உள்ள டச்பாட் மேலெழும்பி அமுங்க மறுத்தாலோ பற்றரி வீங்கியிருக்கிறது. அதை சார்ஜில் போட வேண்டாம், மற்றவற்றோடு அடுக்கவும் வேண்டாம். கப்பலில் இப்படியானவை தீப்பிடிக்கலாம். மற்றவற்றைப் பற்றரியில் மட்டும் ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். திரை, எல்லா விசைகளும், வைஃபை, சார்ஜர் எல்லாம் பாருங்கள். டிஸ்க்கை மென்பொருளால் முழுதாக அழியுங்கள். அது அந்த அலுவலகத்துக்கு நீங்கள் செய்ய வேண்டிய கடமை. இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்தியவை விண்டோஸ் 11 எடுக்காது. அவற்றில் லினக்ஸ் போட்டால் பள்ளிக்கூட வேலைக்குத் தாராளம்.

பிறகு பொருளின் பெயர், தொடர் இலக்கம், தயாரித்த ஆண்டு, என்ன சோதனை, எந்தத் திகதி, என்ன முடிவு, யார் பொறுப்பு என்று எழுதி ஒவ்வொன்றிலும் ஒட்டுங்கள். பெட்டிக்குள் எதுவும் கழிவு இல்லை என்ற உறுதிக்கடிதமும், பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பதற்கான பத்திரமும் கூடப் போக வேண்டும். நல்ல பொதியும் விதியில் ஒன்று. வெறும் பெட்டிக்குள் கொட்டி அனுப்பினால் கழிவாகவே பார்ப்பார்கள். பாவித்த கணினியை இறக்க அங்கே என்ன அனுமதி வேண்டும் என்று கொழும்பில் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்திடம் முதலே எழுதிக் கேளுங்கள்.

தலைவரிடம் ஒன்று சொல்லுங்கள். "அங்கே திருத்திக்கொள்ளலாம்" என்பதுதான் எல்லாக் குப்பைக்கும் கதவு திறக்கிற வார்த்தை. திருத்த முடிந்ததை இங்கேயே திருத்துங்கள், நான் ஒரு சனிக்கிழமை வருகிறேன். கணினிக்குள் இருக்கும் சர்க்கிட் போர்ட்டிலிருந்து தங்கம், பலேடியம் பிரிக்கும் பெரிய உருக்காலைகள் பெல்ஜியம், சுவீடன், ஜெர்மனி, ஜப்பான் போன்ற இடங்களில்தான் இருக்கின்றன. ஓடாத லப்டொப் வன்னிக்குப் போனால், அதன் போர்ட் ஒழுங்காகப் பிரிக்கப்படுவதற்கு மறுபடியும் கடல் தாண்ட வேண்டும்.

தேவகி ரீச்சர் (முல்லைத்தீவு):
மணி அண்ணா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையே செத்த கணினிகளால் நிறைந்து கிடக்கிறது. அரச இருப்புப் புத்தகத்தில் ஒருமுறை ஏறிய பொருளைக் கழிக்க அனுமதி வரும்வரை அதிபரால் வெளியே தூக்கிப் போட முடியாது. பிள்ளைகளுக்கு இடம் காணாது, அந்த அறை மட்டும் பூட்டு. அன்பாக அனுப்புகிறீர்கள், எங்களுக்குத் தெரியும். ஆனால் முப்பது அரைகுறையைவிட ஒரே மாதிரியான பத்து லப்டொப் மேல். ஒன்று பழுதானால் அதன் பாகம் மற்றதுக்கு உதவும். உதிரி சார்ஜரும் வையுங்கள், இங்கே முதலில் போவது அதுதான்.

சுதன் (ஹரோ):
மணி அண்ணா, ரீச்சர், இரண்டு பேருக்கும் நன்றி. பிரிண்டர், மொனிற்றர் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறோம். வீங்கிய பற்றரி உள்ளவற்றை இங்கே எங்கே கொடுப்பது?

மணிவண்ணன் (பேர்மிங்காம்):
ஆட்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்ததைக் கவுன்சிலின் மீள்சுழற்சி நிலையத்தில் எடுப்பார்கள். பற்றரி வீங்கியது என்று வாசலிலேயே சொல்லிக் கையில் கொடுங்கள், தொட்டிக்குள் எறிய வேண்டாம். அலுவலகத்திலிருந்து வந்தது வேறு கணக்கு: உரிமம் உள்ள மீள்சுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள்.