ஆறு வருஷம் கட்டிய கார்டு, ஒரே வார்த்தையில் கைவிரித்தது

செம்பனைக்காரன்
மலேசியா, கடா மாநிலத்துப் பாடாங் செராயிலிருந்து எழுதுகிறேன். கல்யாணமாகி ஏழு வருஷம், இன்னும் குழந்தை இல்லை. எனக்கு எண்ணெய் ஆலையில் ஷிப்டு வேலை, மனைவிக்குக் கூலிம் ஃபேக்டரியில். இரண்டு பேருக்கும் சேர்த்து மெடிக்கல் கார்டுக்கு, அதாவது மருத்துவக் காப்புறுதிக்கு, மாதம் 380 வெள்ளி (ரிங்கிட்), ஆறு வருஷமாக ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டுகிறோம்.

மாதவிடாய் வந்தால் அவளுக்கு வலி தாங்காது. பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். ரத்தம், ஸ்கேன், கருக்குழாய் எக்ஸ்ரே எல்லாம் அவளுக்கு எடுத்தாகிவிட்டது. வயிற்றில் துளை போட்டு கேமரா விட்டுப் பார்ப்போம், கட்டி இருந்தால் அப்போதே எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். 14,000 வெள்ளி. அன்றைக்குக் காலை ஆறு மணியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அவள் உட்கார்ந்திருந்தாள். பதினொரு மணிக்குக் கவுண்டரில் கூப்பிட்டு, செலவை ஏற்பதாக உறுதி சொல்லும் ஜி.எல். கடிதத்தைக் காப்புறுதிக் கம்பெனி கொடுக்க மறுத்துவிட்டது என்றார்கள். பாரத்தில் டாக்டர் 'மலட்டுத்தன்மை பரிசோதனை' என்று எழுதியிருந்தாராம். அந்த ஒரு வார்த்தைதான். பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினோம். பாலத்தைத் தாண்டும்வரை அவள் ஒன்றும் பேசவில்லை.

வலி வலிதானே? இதற்கு இல்லாத கார்டு வேறு எதற்கு?

கார்டு_ஏஜெண்டு
தம்பி, வருத்தமாக இருக்கிறது. ஆனால் பாலிசிப் புத்தகத்தில் 'விலக்கு' என்று ஒரு பக்கம் இருக்கும், எடுத்துப் பாருங்கள். கர்ப்பம், பிரசவம், கருத்தடை, குழந்தையின்மை எல்லாம் ஒரே வரிசையில் வரும். நம் நாட்டில் சாதாரண கார்டு அநேகமாக எல்லாவற்றிலும் இப்படித்தான். கம்பெனி உங்களை ஏமாற்றியதாகச் சொல்ல முடியாது.

இன்ஷூரன்ஸ் என்பது எதிர்பாராமல் வருவதற்கு. மாதா மாதம் காசு போட்டுக் கூட்டு (சீட்டு) பிடிக்கிறோமே, அது மாதிரி யோசியுங்கள். இந்த மாதம் காசு வேண்டும் என்று தெரிந்தவர்கள் மட்டும் வந்து சேர்ந்தால் கூட்டு என்ன ஆகும்? 2024 கடைசியில் பிரீமியம் 40 முதல் 70 விழுக்காடு வரை ஏறும் என்று செய்தி வந்து ஊரே கொதித்தது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு, குறைந்தது மூன்று வருஷத்துக்குப் பிரித்து ஏற்றச் சொன்னது. அதற்கே கார்டை நிறுத்துகிறேன் என்று எனக்குத் தினமும் போன். இதில் ஐ.வி.எஃப் என்ற சோதனைக்குழாய்க் குழந்தை சிகிச்சையையும் சேர்த்தால் யார் கட்டுவது?

மூன்றாம்முறை
அவர் ஐ.வி.எஃப் கேட்கவே இல்லையே அண்ணே. வலிக்குக் காரணம் தெரிய வேண்டும் என்றுதானே போனார்கள்?

சரி, ஐ.வி.எஃப்பையே பேசுவோம். ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்தப் பிரச்சினை வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. அதை நோய் என்றுதான் வகைப்படுத்தியும் இருக்கிறது. யாரும் திட்டம் போட்டு வரவழைத்துக்கொள்வதில்லை. ஜப்பானில் 2022 ஏப்ரலிலிருந்து அரசாங்கக் காப்புறுதியே ஐ.வி.எஃப் செலவை ஏற்கிறது, மனைவிக்கு 43 வயது ஆகும் முன்பு தொடங்கினால். அங்கே கூட்டு ஒன்றும் உடைந்து போகவில்லை.

நான் இரண்டு முறை செய்தேன். முதல் முறை 18,000, இரண்டாவது 21,000. ஊசி மருந்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போயிருக்கிறேன். இரண்டுமே நிற்கவில்லை. அதற்கு மேல் எழுத முடியவில்லை.

இன்னொன்று. 'மலட்டுத்தன்மை' என்ற சொல்லைப் பாரத்தில் யார் வேண்டுமானாலும் எழுதட்டும், நாம் இங்கே எழுத வேண்டாமே.

கார்டு_ஏஜெண்டு
தங்கச்சி, ஜப்பானில் அது வரிப்பணமும் சம்பளத்தில் கட்டாயமாகப் பிடிக்கும் சந்தாவும் சேர்ந்து நடப்பது. எல்லாரும் கட்டியே ஆக வேண்டும். நான் விற்பது விருப்பப்பட்டவர் வாங்கும் கார்டு. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் எப்படி? அரசாங்கத்தைக் கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

அம்மன்கோயில்_மேட்டுவீடு
எங்கள் காலத்தில் லயத்தில் இதெல்லாம் ஏது? கூடப்பிறந்தவர்களுக்கு நாலு இருந்தால் ஒன்றைக் கொடுப்பார்கள். என் சின்னம்மா அப்படித்தான் வளர்த்தார், இன்றைக்கு அந்தப் பிள்ளைதான் அவரைப் பார்த்துக்கொள்கிறான். 20,000 வெள்ளியை ஊசிக்குக் கொட்டுவதற்குப் பதில் ஒரு பிள்ளையைத் தத்தெடுக்கலாமே.

மூன்றாம்முறை
நாலு பெற்றவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் ஐயா? எங்கள் தாமானில் எல்லா வீட்டிலும் ஒன்று, இரண்டு. தத்தெடுப்பது நல்ல காரியம், நாங்களும் யோசிக்கிறோம். ஆனால் சர்க்கரை வியாதிக்காரரிடம் மாத்திரையை விட்டுவிட்டு வேறு வழி பாருங்கள் என்று சொல்வீர்களா?

கணக்குப்பிள்ளை
ஊழியர் சேமநிதியை, அந்த ஈ.பி.எஃப்-ஐ ஏன் யாரும் பேசவில்லை? 2020-இலிருந்து ஐ.யூ.ஐ, ஐ.வி.எஃப், இக்ஸி என்ற குழந்தைப்பேறு சிகிச்சைகள் மூன்றுக்கும் அதிலிருந்து எடுக்கலாம். கல்யாணப் பதிவு இருக்க வேண்டும், சிகிச்சை நமக்கோ துணைக்கோ. வருமான வரியில் 10,000 வெள்ளி வரை கழிவும் உண்டு. அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று அழக் கூடாது.

மூன்றாம்முறை
பெயர் மட்டும்தான் கணக்குப்பிள்ளையா? கணக்கை நான் போடுகிறேன்.

தோட்டத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஈ.பி.எஃப்புக்கு அவர் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13 விழுக்காடு, இரண்டும் சேர்த்து மாதம் சுமார் 408 வெள்ளி ஏறும். 2024 மே மாதத்திலிருந்து கணக்கை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். மருத்துவத்துக்கு எடுக்கக்கூடிய செஜாத்ரா கணக்குக்குப் போவது 15 விழுக்காடு, அதாவது 61 வெள்ளி. லாப ஈவை விட்டுவிட்டுப் பார்த்தால் என் முதல் ஐ.வி.எஃப்புக்கு ஆன 18,000-ஐச் சேர்க்க இருபத்து நாலு வருஷத்துக்கு மேல். இன்று சேர்க்க ஆரம்பிக்கும் முப்பது வயதுக்காரி ஐம்பத்து நாலு வயதில் போய் டாக்டரைப் பார்க்கட்டுமா?

வரிக் கழிவா? 1,700 வாங்குகிறவர் வரியே கட்டுவதில்லை, எதில் கழிப்பது? கட்டுகிறவருக்கும் 10,000 வெள்ளி கையில் வராது. 6 விழுக்காட்டுப் படியில் இருந்தால் மிச்சம் 600 வெள்ளி. எங்களுக்குப் பெட்ரோலுக்கும் பாலம் டோலுக்கும் சரியாகப் போயிற்று. சம்பளம் கூடக் கூடச் சலுகையும் கூடுகிறது. இதுதான் எனக்கு எரிச்சல்.

கணக்குப்பிள்ளை
கணக்கு சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இருக்கிற சேமிப்பையும் இதில் கரைத்துவிட்டு அறுபது வயதில் யார் கையை எதிர்பார்ப்பது? 2024-க்கு 6.30 விழுக்காடு லாப ஈவு கொடுத்தார்கள். என் அண்ணன் எடுத்தார். பிள்ளையும் இல்லை, காசும் இல்லை. அதைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், கோபப்படாதீர்கள்.

பழைய_டிரஸர்
முப்பத்தோரு வருஷம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தவன். எல்லாரும் கோபத்தில் எழுதுகிறீர்கள், நோயைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மாதா மாதம் இப்படி வலித்தால் எண்டோமெட்ரியோசிஸாக இருக்க வாய்ப்புண்டு. கருப்பையின் உள்தோல் மாதிரியான திசு வெளியே வளர்வது. அதற்கும் அந்த கேமரா ஆப்பரேஷன்தான். ஏஜெண்டு தம்பி, இது உங்கள் கார்டில் இருக்கிறதா இல்லையா? நேராகச் சொல்லுங்கள்.

கார்டு_ஏஜெண்டு
இருக்கிறது ஐயா. குறிப்பிட்ட நோய்கள் என்று ஒரு பட்டியல் உண்டு, பாலிசி எடுத்து 120 நாள் காத்திருக்க வேண்டும். எண்டோமெட்ரியோசிஸ் அதில் இருக்கிறது. ஆண்களுக்கு விதைப்பை ரத்தநாளம் வீங்கும் வேரிகோசீலும் அதிலேயே இருக்கிறது. இவருக்கு ஆறு வருஷம் ஆகிவிட்டது, அதனால் காத்திருக்கும் காலம் பிரச்சினை இல்லை.

தம்பி, டாக்டரிடம் போய் அந்த வார்த்தையை அழித்துத் தாருங்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பொய் என்று பிடித்தால் கார்டே போய்விடும். வலி எப்போதிலிருந்து, ஸ்கேனில் என்ன தெரிந்தது, எந்த நோயைச் சந்தேகிக்கிறார், இதை எழுதச் சொல்லுங்கள். அது உண்மை. அதை வைத்துக் கம்பெனிக்கு மேல்முறையீடு போடுங்கள். அதையும் தள்ளினால் நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பு அமைப்பு இருக்கிறது, முன்பு ஓ.எஃப்.எஸ். என்று இருந்ததுதான். காசு கேட்க மாட்டார்கள். கம்பெனியின் கடைசி முடிவு வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், அந்தக் கடிதத்தைத் தொலைத்துவிடாதீர்கள். எங்கள் ஆட்கள் இதைச் சொல்வதில்லை என்று திட்டுவீர்கள், திட்டுங்கள்.

மூன்றாம்முறை
கையெழுத்து வாங்கும்போதே அந்த விலக்குப் பக்கத்தைத் திறந்து காட்டியிருந்தால் அந்தப் பெண் பட்டினியாகக் காத்திருக்க வேண்டியதில்லை. எனக்கும் யாரும் காட்டவில்லை. நீங்கள் காட்டுவீர்களா அண்ணே?

கார்டு_ஏஜெண்டு
இந்தப் பக்கத்தை நானாகக் காட்டியதில்லை. கேட்டால் காட்டுவேன்.

பழைய_டிரஸர்
பதிலாவது நேர்மையாக வந்தது.

செம்பனைக்காரரே, கடா மாநிலத்தில் இருக்கிறீர்கள். அலோர் ஸ்டாரில் சுல்தானா பாஹியா மருத்துவமனையில் ஐ.வி.எஃப் பிரிவு உண்டு. தனியாரைவிடச் செலவு பல மடங்கு குறைவு. முதலில் பக்கத்து அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் ரெஃபரல் கடிதம் வாங்குங்கள். இந்த மாதிரி அரசாங்கப் பிரிவுகளில் வயது வரம்பு இருக்கும், தள்ளிப் போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் முதல் பதிவை இரண்டு தடவை படித்தேன். ரத்தம், ஸ்கேன், எக்ஸ்ரே எல்லாம் 'அவளுக்கு' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு என்ன டெஸ்ட் எடுத்தார்கள்? விந்துப் பரிசோதனை இருப்பதிலேயே மலிவு, கத்தி இல்லை, ஊசி இல்லை. என் காலத்தில் லயத்து ஆண்கள் ஒருத்தர்கூட வந்ததில்லை. பொண்டாட்டியை மட்டும் தள்ளிவிடுவார்கள்.

செம்பனைக்காரன்
நைட் ஷிப்டு முடிந்து இப்போதுதான் பார்த்தேன். டாக்டருக்குப் போன் போட்டேன், ஸ்கேனில் இடது பக்கம் ஒரு கட்டி தெரிந்ததாம், கடிதம் தருகிறேன் என்றார். ஏஜெண்டு அண்ணே, மேல்முறையீட்டுப் பாரம் எங்கே கிடைக்கும் என்று தனியாக எழுதுங்கள்.

டிரஸர் ஐயா, எனக்கு எதுவும் எடுக்கவில்லை. டாக்டர் கேட்டார், நான்தான் ஆலையில் லீவு கிடைக்காது என்று சொல்லிவிட்டேன். லீவெல்லாம் கிடைத்திருக்கும்.

திங்கட்கிழமை காலை சுங்கைப் பட்டாணியில் ஒரு லேபில் பெயர் கொடுத்திருக்கிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.