மறு: உருண்டு உருண்டு பிரியுற பச்சைப்பாசி – கலைச்சொல் வேணும்

எல்லாருக்கும் வணக்கம்,

பச்சைப்பாசி செல்லுக்குள்ள இருக்கிறது உருண்டை உருண்டையா பிரிஞ்சு வளர்ற முறைக்கு (segregative cell division) தமிழ்ச் சொல் கேட்டு, ஒரு பாசிப் படத்தோட ஐயா இந்த இழையைத் தொடங்கியிருந்தார். மொதல்ல அந்தப் படத்துல இருக்கிற பாசி எதுன்னு முடிச்சுட்டு சொல்லுக்கு வரலாம். ஐயா வலோனியான்னு எழுதியிருக்கார், எனக்கு அது போயர்ஜெசீனியா ஃபோர்ப்ஸி மாதிரிதான் படுது. கதாயுதம் கணக்கா மேல பெருத்து, அடியில ஒடுங்கி லேசா வளைஞ்சு, கொத்துக் கொத்தா பாறை இடுக்குல நிக்குது, அந்த ஒடுங்குன காம்புல வளையம் வளையமா சுருக்கமும் தெரியுது பாருங்க. வலோனியாவுல ஒரு இனம் தனி உருண்டையா இருக்கும், மத்ததெல்லாம் கிளை விட்டுப் பின்னிக் கிடக்கும். டிக்டியோஸ்ஃபேரியாவா இருக்குமோன்னும் ஒருத்தர் கேட்டிருந்தீங்க, அது தொட்டா விறைப்பா இருக்கும், மேல தேன்கூட்டு அறை மாதிரி செல் செல்லா வெறும் கண்ணுக்கே தெரியும், அதனால குழப்பமே வராது. (போயர்ஜெசீனியாங்கிற பேரு டென்மார்க்குப் பாசி ஆய்வாளர் போயர்ஜெசன் நினைவா 1938ல ஃபெல்ட்மான்ங்கிற இன்னொரு ஆய்வாளர் வச்சது, போயர்ஜெசன் 1927-28ல இந்தியக் கரைக்கே வந்து பாசி சேகரிச்சவர்.)

இப்ப விஷயத்துக்கு வரேன். ரெண்டு மூணு செ.மீ. நீளத்துல நிக்கிற அந்தப் பை ஒவ்வொண்ணும் ஒரே செல்தான், உள்ள ஏகப்பட்ட நியூக்ளியஸ் (உட்கரு). ஊசியால குத்தினா உள்ள இருக்கிற புரோட்டோபிளாசம் (செல்லோட உயிர்ப்பொருள்) சுருங்கி, துண்டு துண்டாகி, சில மணி நேரத்துல பச்சை உருண்டைகளா நிக்கும், ஒவ்வொரு உருண்டையும் தனக்குன்னு சுவர் கட்டிக்கிட்டு புதுப் பாசியா வளரும். டிக்டியோஸ்ஃபேரியாவுல குத்தாமலே, வளர்ச்சியிலயே இதே வேலை நடக்குது, உருண்டைங்க தாய்ச்சுவருக்குள்ளயே பெருத்து ஒண்ணோட ஒண்ணு நெருக்கி ஒட்டிக்கிறதாலதான் அந்தத் தேன்கூட்டுத் தோற்றம்.

இந்த வேலைக்கு இழையில ஏற்கெனவே வந்த "பிரிகைச் செல்பிரிவு"ங்கிற சொல் எனக்கு ஒட்டல. பிரிகையும் பிரிவும் ஒரே வேர், சொல்லே ரெண்டு தடவை பிரியுதுன்னுதான் சொல்லுது, எப்படிப் பிரியுதுன்னு சொல்லல. அதுவுமில்லாம பிரிவுன்னதும் படிக்கிற பசங்க இழையுருப்பிரிவு (mitosis, நியூக்ளியஸ் ரெண்டா பிரியுறது) பக்கம் போயிடுவாங்க, இங்க அந்த நேரத்துல நியூக்ளியஸ் பிரியணும்னு அவசியமே இல்ல, இருக்கிற நியூக்ளியஸைப் பங்கு போட்டுக்கிட்டு உருண்டையாகுது, அவ்வளவுதான்.

நான் சொல்றது திரளைப்பகுப்பு. திரளைன்னா உருண்டை, பழைய சொல்தான். மோர்ல வெண்ணெய் திரள்றதும் இதே வேர்தான், ஆனா அங்க வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழி உடைஞ்சா போச்சு, இங்க தாழி உடையுறதாலதான் வெண்ணெயே திரளுது! பகுப்புங்கிறது செல்பகுப்புன்னு பாடநூல்ல ஏற்கெனவே பழகுன சொல். இன்னொரு வசதி, cell-ஐ செல்லுன்னு சொல்றதா கலம்னு சொல்றதான்னு யாழ்ப்பாணத்து அக்காவும் மதுரை அண்ணனும் இந்த இழையில நடத்துற சண்டை இதுக்குள்ள வரவே வராது, ரெண்டு சொல்லும் இதுல இல்ல.

வாக்கியத்துல வச்சுப் பார்த்தேன்: "காயம்பட்ட போயர்ஜெசீனியா திரளைப்பகுப்பால் பெருகும்." நல்லாவே உட்காருது. "திரள்பகுப்பு"ன்னு சுருக்கலாமேன்னு சிலர் கேப்பீங்க, திரள்னா கூட்டம்னும் பொருள் வர்றதால எனக்கு மனசில்ல. ஐகாரம் வேணுமா வேண்டாமாங்கிறதை மட்டும் இலக்கணம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, விக்சனரிங்கிற இணைய அகராதில ஏத்திடறேன்.