ஊர் நகர சபை இடாப்பில் என் பெயர் இல்லை, வேட்புமனுவுக்கு நாள் குறைவு. அவசர உதவி

மலைக்காற்று | 2025 மார்ச் 9, இரவு 10.40
வணக்கம். வேலை கொழும்பில், ஊர் மலையகம். இந்த முறை எங்கள் டவுன் சபைக்கு நிற்பது என்று கூட்டாளிகள் நாலைந்து பேர் முடிவு எடுத்திருக்கிறோம். இன்று தம்பி அங்கே ஒருவரிடம் இருந்த வாக்காளர் இடாப்பை வாங்கிப் பார்த்திருக்கிறான், என் பெயர் இல்லை, அம்மா பெயரும் இல்லை. போன வருடம் இரண்டு தேர்தலுக்கும் ஊருக்குப் போய்த்தான் வாக்குப் போட்டேன். யாரோ வேண்டுமென்றே வெட்டிவிட்டார்கள். 17ஆம் திகதி வேட்புமனு தொடங்குகிறது, எங்கே முறையிடுவது? சீக்கிரம் சொல்லுங்கள், லீவு கிடைப்பது கஷ்டம்.

கொட்டாஞ்சேனை குமார் | இரவு 10.52
எந்த மாவட்டம், எந்தச் சபை என்று போடவில்லையே தம்பி. டவுன் சபை என்றால் நகர சபையா, பிரதேச சபையா? அடையாள அட்டை பழையதா புதியதா? எனக்கென்னவோ இது அட்டைப் பிரச்சினை என்றுதான் படுகிறது. என் மச்சானுக்கும் இப்படித்தான் ஆனது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும், புதியதில் பன்னிரண்டு இலக்கம், ஒன்றைப் போட்டுத் தேடினால் மற்றது அகப்படவில்லை. தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இரண்டு இலக்கத்தையும் போட்டுப் பாருங்கள்.

வெள்ளவத்தை வாசுகி | இரவு 11.05
குமார் அண்ணா, அவர் இணையத்தில் தேடவில்லை, தம்பி பட்டியலைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். எனக்கு வேறு சந்தேகம். கொழும்பில் எங்கே தங்கியிருக்கிறீர்கள்? வீட்டுக்காரர் கணக்கெடுப்புப் படிவத்தில் உங்கள் பெயரையும் எழுதிக் கொடுத்தாரா? இங்கே சேர்த்தால் அங்கே எடுத்துவிடுவார்கள், ஒருவர் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. எனக்கு இதற்கு நேர்மாறாக நடந்தது. ஊரில் நான் இல்லை என்று எடுத்துவிட்டார்கள், இங்கே போர்டிங் வீட்டுக்காரி தன் வீட்டு இலக்கத்தில் எங்களைப் போடச் சம்மதிக்கவே இல்லை, நாளைக்கு வீட்டுக்கு உரிமை கேட்பீர்கள் என்றார். நாலு வருடம் எந்த இடாப்பிலும் இல்லாமல் இருந்தேன். வேலைக்குப் போய் வரி கட்டுகிற ஆளுக்கு ஒரு வாக்கு இல்லை. இப்போது நினைத்தாலும் நெஞ்சு எரிகிறது.

தேர்தல் கடமை | பழைய உறுப்பினர் | இரவு 11.31
இந்தக் கேள்வி மாதத்துக்கு இரண்டு தடவை வருகிறது, ஒருவரும் பழைய இழைகளைப் படிப்பதில்லை. முப்பது வருடம் தேர்தல் கடமை பார்த்தவன் சொல்கிறேன், நிதானமாக வாசியுங்கள்.

யாரோ வெட்டினார்கள் என்பது தேநீர்க்கடைப் பேச்சு. இடாப்பை மீளாய்வு செய்யும்போது சேர்க்கும் பெயர் ஒரு பட்டியலாகவும் நீக்கும் பெயர் இன்னொரு பட்டியலாகவும் பார்வைக்கு வைக்கப்படும், ஆட்சேபிக்க நாள் தரப்படும். அதைப் போய்ப் பார்க்காமல் இருந்துவிட்டு, வேட்புமனுவுக்கு எட்டு நாள் இருக்கும்போது கூக்குரல் போடுவது பிரயோசனமில்லை. இந்தத் தேர்தலுக்கு 2024 இடாப்புத்தான். இந்த வருட மீளாய்வில் சேர்ந்தாலும் அது இதற்கு உதவாது.

அடுத்தது, நாலைந்து கூட்டாளிகள் நிற்பது என்று ஒன்று இந்தச் சட்டத்தில் கிடையாது. கட்சி, இல்லாவிட்டால் சுயேச்சைக் குழு. குழு என்றால் சபையின் எல்லா வட்டாரங்களுக்கும் ஆள் வேண்டும், அதற்கு மேல் மேலதிகப் பட்டியல் ஒன்றும் வேண்டும். வட்டாரப் பட்டியலில் 10 சதவீதம் பெண்கள், மேலதிகப் பட்டியலில் பாதிப் பேர் பெண்கள். இளைஞர் 25 சதவீதம். கட்டுப்பணம் கட்சிக்கு ஆளுக்கு 1,500 ரூபா, சுயேச்சைக்கு ஆளுக்கு 5,000 ரூபா, 19ஆம் திகதி நண்பகலுக்கு முன். இருபது பேர் என்றாலே 100,000 ரூபா. இதெல்லாம் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பெயரைப் பிறகு தேடலாம்.

மட்டக்குளி மைந்தன் | இரவு 11.48
ஐயா, பெயரே இல்லாதவர் கட்டுப்பணத்தை யாருக்காகக் கட்டுவது? அந்தப் பொடியன் கேட்டது ஒரு கேள்வி, நீங்கள் பாடம் எடுக்கிறீர்கள். தம்பி, குமார் கேட்டதற்கெல்லாம் பதில் போடுங்கள்.

மலைக்காற்று | மார்ச் 10, காலை 6.15
நுவரெலியா மாவட்டம். ஊர் பெயர் வேண்டாம், சின்ன இடம், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நகர சபைதான். அட்டை புதியது. இருப்பது புறக்கோட்டையில், கடைக்கு மேல்மாடியில் ஆறு பேர், முதலாளி எந்தப் படிவமும் நிரப்பவில்லை.
கட்டுப்பணக் கணக்கு தெரியாது, நன்றி ஐயா, கூட்டாளிகளுடன் பேசுகிறேன். நாங்கள் நிற்பது பதவிக்கு இல்லை. டவுன் குப்பையை எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஓடைக்கரையில் கொட்டுகிறார்கள், மழை பெய்தால் எல்லாம் நாங்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிப் பக்கம் வருகிறது. அம்மா அந்தத் தண்ணீரில்தான் சமைக்கிறார். எழுதிக் கொடுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை. கடை திறக்க வேண்டும், இரவில் வருகிறேன்.

கொட்டாஞ்சேனை குமார் | காலை 8.02
புதிய அட்டை எப்போது எடுத்தது? 2024 இடாப்புக்குப் பெயர் எடுத்த பிறகு என்றால் இடாப்பில் பழைய இலக்கம்தான் இருக்கும். நான் சொன்னதுதான்.

வெள்ளவத்தை வாசுகி | காலை 8.40
அம்மா பெயரும் இல்லையே அண்ணா, அவரும் அட்டை மாற்றினாரா என்ன?
ஆனால் தம்பி, குறை நினைக்காதீர்கள், நீங்கள் வருடத்தில் பதினொரு மாதம் கொழும்பில்தான் இருக்கிறீர்கள். இங்கேதான் உங்கள் குப்பை, கான், தெரு விளக்கு எல்லாம். இங்கேதான் பதிய வேண்டும். புறக்கோட்டையிலும் செட்டியார் தெருவிலும் கடை மாடிகளில் இருக்கிற மலையகப் பிள்ளைகள் எல்லாரும் கொழும்பில் பதிந்தால் மாநகர சபை நம்மைத் திரும்பிப் பார்க்கும். ஒருவரும் பதியாததால்தான் அந்த மாடிகளில் கழிவறை கூட ஒழுங்காக இல்லை, கேட்க ஆள் இல்லை.

மட்டக்குளி மைந்தன் | காலை 9.10
அதை ஒத்துக்கொள்ள மாட்டேன் அக்கா. கொழும்பில் ஒரு வாக்கு கூடினால் கடலில் பெருங்காயம் கரைத்த மாதிரி. ஊர் வட்டாரத்தில் இருபது முப்பது வாக்கில் ஆள் மாறிவிடும். நம் பிள்ளைகள் எல்லாரும் இங்கே பதிந்துவிட்டால் அங்கே தோட்டத்தில் கிழவன் கிழவியும் பிள்ளைகளும்தான் மிச்சம், அவர்களுக்காக யார் பேசுவது? பதிவு ஊரில்தான் இருக்க வேண்டும்.

வெள்ளவத்தை வாசுகி | காலை 9.26
ஊரில் வைத்துக்கொண்டு வாக்குப் போடப் போகாமல் இருக்கிறவர்கள் எத்தனை பேர்? கடைக்காரப் பிள்ளைகளுக்குத் தபால் வாக்கும் கிடையாது. பஸ் காசு, ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்று இங்கேயே இருந்துவிடுகிறார்கள். அந்த வாக்கு இரண்டு இடத்துக்கும் இல்லாமல் போகிறது, அதைத்தான் சொல்கிறேன்.

ஜம்பட்டா வீதி | காலை 10.15
சம்பளம் ஏன் போக வேண்டும்? வாக்களிக்கச் சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் அறிவிக்கிறார்கள். 40 கிலோமீற்றருக்குள் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள். எழுத்தில் கேட்க வேண்டும். வாயால் கேட்டால் முதலாளி பார்ப்போம் என்பார், அவ்வளவுதான்.

தேர்தல் கடமை | முற்பகல் 11.00
எங்கே பதிவது என்பது உங்கள் விருப்பத்தைப் பொறுத்ததல்ல. சாதாரணமாக வசிக்கும் இடம் என்பதுதான் சட்டத்தின் சொல். இதைத் தெரியாமல் காலையிலிருந்து இரண்டு பேர் வாதாடுகிறீர்கள்.

மட்டக்குளி மைந்தன் | முற்பகல் 11.12
சாதாரணமாக வசிப்பது என்றால் என்ன ஐயா? படுக்கிற இடமா, அம்மா இருக்கிற இடமா? கடையை மூடினால் அடுத்த நாள் அந்த மாடியும் இல்லை. வேலை செய்யும் இடம் வேறு, வீடு வேறு.

பீலிக்கரை | பிற்பகல் 1.30
வயது எழுபது தாண்டியவன், அதிகம் எழுதுவதில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் எங்கள் அப்பா நாடற்றவர் ஆனார். 1988 சட்டத்துக்குப் பிறகுதான் அவருக்கு வாக்கு வந்தது, அதற்குள் தலை நரைத்துவிட்டது. முதல் தடவை போகும்போது வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவது போலத்தான் போனார். அதனால் கொழும்பு வாக்கு, ஊர் வாக்கு என்று சண்டை பிடிக்காதீர்கள் பிள்ளைகளே. எங்காவது ஓரிடத்தில் பெயரை விடாமல் வைத்திருங்கள். தம்பி, உன் பெயரைத் தேடாமல் விடாதே.

தோட்டத்து டீச்சர் | இரவு 9.20
இழை முழுவதையும் இப்போதுதான் வாசித்தேன். மலைக்காற்று தம்பி, நீங்கள் எழுதியதில் ஒரு சொல் இருக்கிறது, லயம். வீடு லயத்தில் என்றால் அது தோட்டம். பஜாரிலிருந்து ஐந்து நிமிட நடையாக இருக்கலாம், கடிதமெல்லாம் டவுன் தபாலகத்துக்கு வரலாம், நாமும் எங்கள் டவுன் என்றுதான் சொல்வோம். ஆனால் நகர சபை எல்லை பெரும்பாலும் தேயிலை மலை தொடங்கும் இடத்தோடு நின்றுவிடும், அதற்கு அப்பால் பிரதேச சபை. நான் படிப்பிக்கும் இடத்தில் பாலத்துக்கு இந்தப் பக்கம் நகர சபை, அந்தப் பக்கம் பிரதேச சபை.

போன வருடம் இரண்டு தேர்தலுக்கும் வாக்குப் போட்டேன் என்கிறீர்கள். அதற்கும் 2024 இடாப்புத்தான், இதற்கும் அதேதான். அங்கே இருந்த பெயர் இங்கே இல்லாமல் போகாது. ஜனாதிபதித் தேர்தலிலும் பாராளுமன்றத் தேர்தலிலும் எந்தச் சபை என்ற கேள்வியே வராது, அதனால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. தம்பி பார்த்தது நகர சபை வட்டாரங்களின் பட்டியலாக இருக்கும். அம்மா பெயரும் சேர்ந்தே இல்லை என்பதும் இதனால்தான் என்று நினைக்கிறேன், உங்கள் லயத்தில் ஒருவர் பெயரும் அதில் இருக்காது.

நாளைக்கே கிராம சேவகரிடம் கேளுங்கள், எங்கள் டிவிஷன் எந்தச் சபை, எந்த வட்டாரம் என்று. இந்த ஒரு கேள்வி போதும். 2018 தேர்தலுக்கு முன் நுவரெலியா, அம்பகமுவ என்று இரண்டாக இருந்த பிரதேச சபைகளை ஆறாகப் பிரித்தார்கள். கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா எல்லாம் அப்போது வந்த சபைகள். பழைய ஆட்களுக்கே குழப்பம் இருக்கிறது.

கொட்டாஞ்சேனை குமார் | இரவு 9.41
டீச்சர் சொல்வது சரியாகத்தான் இருக்கிறது. அட்டை இலக்கத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

தேர்தல் கடமை | இரவு 10.05
சபை எல்லை என்பது அடிப்படை விஷயம். கேள்வி கேட்டவர் நகர சபைதான் என்று உறுதியாக எழுதியபடியால் நான் அதற்குள் போகவில்லை. பிரதேச சபை இடாப்பில் பெயர் இருந்தால் நகர சபைக்கு வேட்பாளராக முடியாது, அந்தப் பிரதேச சபையின் எந்த வட்டாரத்திலும் நிற்கலாம்.

மட்டக்குளி மைந்தன் | இரவு 10.20
அப்படியென்றால் குப்பை கொட்டுகிற சபைக்கு அந்த லயத்து ஆட்கள் ஒருவருக்கும் வாக்கு இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் கொட்டினால் கேட்க ஒரு வாக்காளர் கூட இல்லை. என்ன அநியாயம் இது.

பீலிக்கரை | இரவு 10.48
பிரதேச சபைக்கு வாக்குப் போட்டும் முன்பு அவ்வளவு பலன் இல்லை தம்பி. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தில் வேலை செய்ய முடியாது என்று சொல்லி வந்தார்கள். 2018 இல்தான் திருத்தினார்கள். இப்போது உள்ளே பாதையும் போடலாம், கானும் கட்டலாம். அதனால் பிரதேச சபையைச் சின்னதாக நினைக்காதே. சபைக்குள் போய் எங்கள் எல்லைக்குள் கொட்டாதே என்று தீர்மானம் கொண்டுவா, அது பக்கத்துச் சபைக்கு எழுத்தில் போகட்டும்.

வெள்ளவத்தை வாசுகி | மார்ச் 11, காலை 7.55
முந்தாநாளே எழுத நினைத்தேன், மார்ச் 9. இரண்டு வருடம் முன்பு அதே நாளில்தான் இந்தத் தேர்தல் நடந்திருக்க வேண்டும், பணம் இல்லை என்று தள்ளினார்கள். நிறுத்தியது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் சொன்னது. அன்று மனுக் கொடுத்த அரச ஊழியர்கள் வேலைக்கும் போக முடியாமல் எவ்வளவு கஷ்டப்பட்டார்கள். மலைக்காற்று, உங்கள் குழுவில் யாராவது அரச வேலையா? அப்படியென்றால் கையெழுத்து வைக்க முன் விசாரியுங்கள்.

தோட்டத்து டீச்சர் | மார்ச் 13, இரவு 8.10
தம்பி, கேட்டீர்களா? இன்னொன்று, இளைஞர் கணக்கில் வருகிற, 35 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் பிறப்புச் சான்றிதழை இப்போதே எடுத்து வையுங்கள். வெறும் போட்டோகொப்பியோடு போகாதீர்கள், அத்தாட்சிப்படுத்திய பிரதி வேண்டும்.

மலைக்காற்று | மார்ச் 18, பிற்பகல் 4.35
டீச்சர் சொன்னதுதான். பிரதேச சபை. என் பெயரும் அம்மா பெயரும் இருக்கிறது, 2 வீடு தள்ளி எல்லாருடையதும் இருக்கிறது. நகர சபைக்கு நிற்க முடியாது, கூட்டாளிகளில் இரண்டு பேர் பஜார் ஆட்கள், அவர்கள் விலகிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு சுயேச்சைக் குழு இருந்தது, அதில் எங்கள் வட்டாரத்துக்கு என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். 5,000 முதலாளி கொடுத்தார், சம்பளத்தில் கழிப்பார். பஸ்ஸில் இருக்கிறேன், சார்ஜ் இல்லை. எல்லாருக்கும் நன்றி.

பீலிக்கரை | மார்ச் 18, மாலை 6.00
நல்லது மகனே. போய் வா.

தேர்தல் கடமை | மார்ச் 18, இரவு 9.15
முடிவு வந்து 21 நாளுக்குள் செலவுக் கணக்கு ஒப்படைக்க வேண்டும், 2023 சட்டம். தோற்றாலும் ஒப்படைக்க வேண்டும். அச்சடித்த துண்டுப் பிரசுரம், வாடகை வான், எல்லாப் பற்றுச்சீட்டையும் இன்றிலிருந்தே ஓர் உறைக்குள் போட்டு வையுங்கள். படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் இங்கே கேளுங்கள், நான் நிரப்பிக் காட்டுகிறேன்.

தோட்டத்து டீச்சர் | மார்ச் 21, காலை 6.40
நேற்று நண்பகலோடு முடிந்தது. பல இடங்களில் பிறப்புச் சான்றிதழ் சரியில்லை என்று முழுப் பட்டியலையும் நிராகரித்திருக்கிறார்கள், நீதிமன்றத்துக்குப் போகிறோம் என்கிறார்கள். தேர்தல் மே 6. மலைக்காற்று தம்பி, உங்கள் குழுவின் மனுவை ஏற்றுக்கொண்டார்களா?

தோட்டத்து டீச்சர் | மார்ச் 29, இரவு 8.30
தம்பி?