ஃபெசன்ட் சுத்தம் செய்ய முப்பது டாலருக்குள் ஒரு மடக்குக் கத்தி

ஃபார்கோ:
போன நவம்பரில் நடந்தது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. தென் டகோட்டாவில் ஆபர்டீன் பக்கம் அறுவடை முடிந்த ஒரு மக்காச்சோளக் காடு. கோழி இனத்துக் காட்டுப் பறவையான ஃபெசன்ட் வேட்டை. மூன்று சேவலும் கிடைத்தாயிற்று, ஒரு நாளைக்கு அனுமதி அவ்வளவுதான். வண்டியின் பின்கதவை இறக்கிவிட்டு அங்கேயே சுத்தம் செய்ய ஆரம்பித்தேன். கையில் இருந்தது கேஸ் ஸ்டேஷனில் வாங்கிய பத்து டாலர் கத்தி. பூட்டு கிடையாது, வெறும் ஸ்பிரிங்தான். இரண்டு பறவை ஒழுங்காக முடிந்தது. மூன்றாவதில் இறக்கை மூட்டுக்குள் முனையைச் செருகித் திருகினேன். கத்தி மடங்கி ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. குளிரில் கை மரத்திருந்ததால் வலியே தெரியவில்லை. சேவலின் மார்பில் ரத்தம் கூடிக்கொண்டே போகிறது. செத்த பறவைக்கு ஏன் இவ்வளவு ரத்தம் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அது என் ரத்தம் என்று புரிய நேரமாயிற்று. ஐந்து தையல்.

அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை சீசன் திறக்கிறது, மறுபடி போகிறேன். முப்பது டாலருக்குள் என்ன வைத்திருக்கிறீர்கள்?

சூ ஃபால்ஸ்:
விரல் இப்போது நன்றாக மடங்குகிறதா தம்பி? ஆனால் கத்தியைக் குறை சொல்ல மாட்டேன். மூட்டைத் திருகுவது மடக்குக் கத்தியின் வேலையே இல்லை. கோழி வெட்டும் கத்தரிக்கோல் ஒன்று வாங்குங்கள். இறக்கை, கால், கழுத்து மூன்றையும் அது பார்த்துக்கொள்ளும். கத்திக்கு மிச்சம் இருப்பது வயிற்றடியில் சின்னதாக ஒரு கீறலும், மார்புக் கறியை எலும்பிலிருந்து எடுப்பதும்தான். அதற்கு மூன்று அங்குலம் தாராளம். நீளம் கூடினால் முனை குடலைக் குத்திவிடும், கறி நாறிப்போகும். பக் 110 என்ற கனமான மடக்குக் கத்தி நல்லதுதான், ஆனால் அது மானுக்கு. இருநூறு கிராமைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் காட்டில் நடந்து பாருங்கள், தெரியும்.

இன்னொன்று. எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிடாதீர்கள். தலை, இறகோடு இறக்கை, கால், இவற்றில் ஒன்றாவது உடம்போடு இருக்க வேண்டும். என்னோடு வந்த நண்பர் வெறும் கறியாக ஐஸ் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். வழியில் வேட்டையைக் கண்காணிக்கும் வார்டன் நிறுத்தினார். சேவலா பெட்டையா என்று காட்ட எங்களிடம் ஒரு காலும் இல்லை. அவர் மூடியைத் திறந்து எங்கள் முகத்தைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

டுலூத்:
அண்ணா, கத்தரிக்கோல் வரை ஒத்துக்கொள்கிறேன். கத்தியைக் குறை சொல்ல மாட்டேன் என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. கை வழுக்கும், மரத்தும் போகும். பூட்டு இல்லாத கத்தியை அந்த நேரத்தில் நம்பக் கூடாது.

நான் ரஃப்டு கிரவுஸ் என்ற காட்டுப் பறவையை மட்டும்தான் சுடுவேன். இறக்கை இரண்டையும் மிதித்துக்கொண்டு காலைப் பிடித்து நிதானமாக இழுத்தால் மார்பு தனியாக வந்துவிடும், கத்தியே வேண்டாம். ஆனால் முதல் பறவையில், கழுத்தடியில் இரை சேரும் பையைக் கத்தி முனையால் கீறிப் பார்த்தேன். உள்ளே குளோவர் இலைகள், அப்போதுதான் கிள்ளியது போலப் பச்சையாக. காலையில் அது எங்கே மேய்ந்தது என்று தெரிந்துவிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு பறவையிலும் பார்க்கிறேன்.

அந்தக் கத்தி ஒப்பினெல் 8. பிளேடு எட்டரை சென்டிமீட்டர், பிடி பீச் மரம். பிடியும் பிளேடும் சேரும் இடத்தில் இருக்கும் வளையத்தைத் திருப்பினால் பிளேடு மடங்காது. 1955 முதல் அந்த வளையம் வருகிறது. விலை உங்கள் கணக்குக்குள் அடங்கும். துருப்பிடிக்காத ஸ்டீலில் வருவதையே வாங்குங்கள். கார்பன் ஸ்டீல் சாணைக்கல்லில் சீக்கிரம் கூர் ஏறும், ஆனால் ரத்தத்தோடு ஒரு ராத்திரி விட்டால் துருதான். ஈரத்தில் மரம் உப்பிப் பிளேடு இறுகினால், வளையத்தைத் திறந்துவிட்டுப் பிடியின் அடிப்பக்கத்தைப் பலகையில் தட்டுங்கள், பிளேடு கொஞ்சம் வெளியே வரும்.

ஃபார்கோ:
விரல் மடங்குகிறது அண்ணா, நுனியில் மட்டும் உணர்ச்சி குறைவு. கத்தரிக்கோல் வாங்கிவிட்டேன். அக்கா, கையுறையோடு அந்த வளையத்தைத் திருப்ப முடிகிறதா?