பெட்டி வாங்குவதற்கு முன் ஸ்பிரிங்கைப் பார்

குழு: நம் வீட்டார்

சனிக்கிழமை

கதிர், இரவு 8:04
[படம்]
வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது! கவாசாகி நின்ஜா 1000எஸ்எக்ஸ் மோட்டார் சைக்கிள். ஒருவர் ஓட்டிய வண்டிதான், ஆனால் கண்ணும் கருத்துமாக வைத்திருந்திருக்கிறார். அடுத்த மாதம் மீனாவும் நானும் நெடும்பயணம் கிளம்புகிறோம். பக்கப் பெட்டிகள், டாப் பாக்ஸ் (சீட்டுக்குப் பின்னால் மேலே மாட்டும் பெட்டி), கூடுதல் விளக்கு, போன் ஹோல்டர் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன். மாமா, வேறு என்ன வாங்க வேண்டும்?

அம்மா, இரவு 8:06
ஹெல்மெட் இருவருக்கும் புதிதாக வாங்கினீர்களா? அதைச் சொல் முதலில்.

கதிர், இரவு 8:07
வாங்கிவிட்டோம் அம்மா. இரண்டுமே ஈசிஇ 22.06 என்ற பாதுகாப்புத் தர முத்திரை உள்ளவை.

மாமா, இரவு 8:15
வாழ்த்துகள் மாப்பிள்ளை. அருமையான வண்டி. 1043 சிசி, நான்கு சிலிண்டர், ஆறாவது கியரில் நாள் முழுக்க அலுக்காமல் ஓடும். ஆனால் அந்தப் பட்டியலை இப்போதைக்கு எடுத்து ஓரமாக வை. ஒரு பொருளும் வாங்காதே.

கதிர், இரவு 8:15
ஏன் மாமா?

மாமா, இரவு 8:22
அந்த வண்டி இன்னும் உன்னுடையதாகவில்லை. முன்பு வைத்திருந்தவரின் எடைக்கும் உயரத்துக்கும் ஏற்றபடி நிற்கிறது. முதலில் அதை உங்கள் இருவருக்குமாக மாற்று. அதற்குக் காசு வேண்டாம், அளவு நாடாவும் பொறுமையும் போதும். நெடும்பயண வண்டி வாங்குகிற பலர் மறுநாளே மூன்று பெட்டிகளை மாட்டுகிறார்கள், பின் ஸ்பிரிங்கைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அப்புறம் வளைவில் வண்டி பிடிவாதம் பிடிக்கிறது என்று வண்டியைக் குறை சொல்கிறார்கள்.

அண்ணன், இரவு 8:25
மாமா சொல்வது உண்மை. இரண்டு பேரும் சாமானும் ஏறியதும் பின்பக்கம் அமுங்கும், முன்பக்கம் தூக்கும். முன் சக்கரத்தில் பாரம் குறைந்தால் வளைவில் வண்டி நாம் நினைத்த கோட்டை விட்டு வெளிப்பக்கமாக அகன்று போகும். இரவில் முகப்பு விளக்கு சாலையை விட்டுவிட்டு மரக்கிளைகளைக் காட்டும். எதிரே வருபவருக்கும் கண் கூசும்.

மீனா, இரவு 8:27
விளக்கு மேலே தூக்குவதற்கு இதுதான் காரணமா! இன்று வரும் வழியில் எதிரில் வந்த இரண்டு கார்கள் விளக்கை அடித்துக் காட்டின.

மாமா, இரவு 8:36
அதேதான் அம்மா. நாளைக் காலையில் இப்படிச் செய்யுங்கள். பின் அச்சு நட்டுக்கு நேர் மேலே, வால் பகுதியில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். இருவர் சேர்ந்து பின்பக்கத்தைத் தூக்கி, சக்கரம் தரையை விட்டு எழும்பப் போகிற நிலையில் நட்டிலிருந்து டேப் வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டில் ஏற்றி அளந்தால் சரிவராது; அது சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மைத்தான் தாங்கும், வண்டியின் பாரம் அப்போதும் ஸ்பிரிங்கின் மேல்தான் இருக்கும். பிறகு வண்டியை இறக்கி, கதிர் முழு உடையோடு ஏறி உட்காரட்டும், மறுபடி அளக்கவும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சேக். அதன்பின் மீனாவும் ஏறி, பைகளையும் வைத்து இன்னொரு முறை. எவ்வளவு வருகிறது என்று இங்கே போடுங்கள்.

கதிர், இரவு 8:38
எவ்வளவு இருந்தால் நல்லது?

மாமா, இரவு 8:41
சாலை வண்டிக்கு 30 முதல் 40 மில்லிமீட்டர். உன் வண்டியின் பின் சக்கரம் மேலும் கீழும் சுமார் 140 மி.மீ. நகரும், அதில் கால் பங்கு என்று வைத்துக்கொள். அதற்கு மேல் அமுங்கினால் பள்ளத்தை வாங்கிக்கொள்ள இடம் மிஞ்சாது.

ஞாயிற்றுக்கிழமை

கதிர், காலை 10:12
அளந்துவிட்டோம் மாமா. நான் மட்டும்: 36. மீனாவும் பைகளும் சேர்ந்து: 57!

மாமா, காலை 10:20
பார்த்தாயா. 57 மி.மீ. அமுங்கிய வண்டிக்குத்தான் பெட்டி தேடிக்கொண்டிருந்தாய். சீட்டுக்குக் கீழே பக்கவாட்டில் கையால் திருகும் குமிழ் ஒன்று இருக்கும். அதுதான் ப்ரீலோட், ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைப்பது. கடிகாரச் சுற்றில் திருகு, சில சுற்றுகளுக்கு ஒருமுறை அளந்து பார்.

கதிர், காலை 10:58
41-க்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் திருக இடம் இருக்கிறது. எத்தனை கிளிக் என்று எண்ணிக் குறித்துக்கொண்டேன். தனியாகப் போகும்போது அதே அளவு திரும்ப வைத்துக்கொள்ளலாம்.

மாமா, காலை 11:05
நல்ல பழக்கம். இப்போது ஸ்பிரிங் முன்பைவிட அதிக விசையோடு திமிறி எழும். மேட்டைத் தாண்டியதும் பின்பக்கம் துள்ளினால் ரீபவுண்டு திருகை, அதாவது ஸ்பிரிங் திரும்ப எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகை, ஒன்றிரண்டு கிளிக் இறுக்கு. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இரண்டையும் சேர்த்துத் திருகினால் எது எதைச் செய்தது என்று தெரியாது.

அண்ணன், காலை 11:07
காற்றும் பார்த்துக்கொள். அந்த வண்டிக்கு முன்னால் 36, பின்னால் 42 பிஎஸ்ஐ. ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். டயரின் வயதையும் பார். பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துகளோடு முடிவில் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு.

கதிர், காலை 11:19
முன்னால் 0923. பின்னால் 3120.
பின் டயர் நடுவில் தட்டையாகவும் இருக்கிறது அண்ணா.

அண்ணன், காலை 11:24
2020-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரம். நேர்ச்சாலையிலேயே ஓடிய டயர். அப்படித் தட்டையான டயர் வளைவுக்குச் சாயும்போது முதலில் தயங்கும், பிறகு அந்த விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று விழும். காசு செலவழிக்க ஆசையாக இருந்தால் முதல் காசு இதற்குத்தான். நடுவில் கெட்டியான ரப்பரும் ஓரங்களில் மென்மையான ரப்பரும் கொண்ட டூரிங் டயராக வாங்கு, அளவு 190/50 இசட்ஆர்17. முன் டயரும் அதே வகையாக இருப்பது நல்லது.

அத்தை, பிற்பகல் 12:02
எல்லோரும் வண்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். பின்னால் உட்காரப் போகிறவளிடம் யாராவது ஏதாவது கேட்டீர்களா? மீனா, நேற்று எங்கே வலித்தது, சொல்.

மீனா, பிற்பகல் 12:06
முழங்கால்தான் அத்தை. ஃபுட்ரெஸ்ட் உயரமாக இருக்கிறது. பிறகு, அவர் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் என் ஹெல்மெட் அவர் ஹெல்மெட்டில் இடித்தது. காதில் இன்னும் இரைச்சல் கேட்கிறது.

அத்தை, பிற்பகல் 12:19
கேட்டுக்கொள் அம்மா. உன் மாமாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பல ஆயிரம் கிலோமீட்டர் பார்த்தவள் சொல்கிறேன். பிரேக் பிடிக்கப் போகிறார் என்பது அவர் தோள் அசைவதிலேயே தெரியும். அப்போது ஒரு கையை நீட்டி டேங்க்கின் மேல் ஊன்றிக்கொள், இன்னொரு கை அவர் இடுப்பில். தொடையால் அவர் இடுப்பை லேசாக அணைத்துக்கொள். பாரம் டேங்க்கில் இறங்கும், அவர் மணிக்கட்டில் இறங்காது. வளைவில் நீயாக எதுவும் செய்யாதே. வளையும் பக்கத்துத் தோளுக்கு மேலாகச் சாலையைப் பார், உடல் தானாக அவரோடு சாயும். ஏறுவதும் இறங்குவதும் அவர் தலையசைத்த பிறகுதான். நின்றிருக்கும் வண்டியில் அவருக்குத் தெரியாமல் காலைத் தூக்கிப் போட்டால் வண்டியோடு சாய வேண்டியதுதான், அது 235 கிலோ.
தொடையில் ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் மெதுவாகப் போ. எங்கள் ஒப்பந்தம் இது. நீங்களும் உங்களுக்குள் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கதிர், பிற்பகல் 12:23
நான் பிரேக்கைக் கொஞ்சம் வேகமாகப் பிடிக்கிறேனோ?

அத்தை, பிற்பகல் 12:25
பின்னால் ஆள் இருக்கும்போது எல்லாவற்றையும் முன்கூட்டியே தொடங்கு. முதலில் லேசாகத் தொட்டு, முன்பக்கம் அமுங்கிய பிறகு அழுத்து. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 28 மீட்டர் போய்விடுகிறாய். இருவர் பாரத்தில் உனக்கு இன்னும் அதிக இடம் வேண்டும். அவள் பின்னால் தூங்கி விழுகிற அளவுக்கு நீ ஓட்டினாய் என்றால் நன்றாக ஓட்டுகிறாய் என்று அர்த்தம்.

மாமா, பிற்பகல் 12:27
தூங்கக் கூடாது, மீனா.

அத்தை, பிற்பகல் 12:27
அவள் தூங்க மாட்டாள். அடுத்தது, காதில் இரைச்சல் கேட்டதே, அதை விட்டுவிடாதீர்கள்.

மாமா, பிற்பகல் 12:40
ஆமாம், இது முக்கியம். 100 கி.மீ. வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 94-இல் ஒரே மணி நேரம்தான். இருவரும் மென்மையான காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். ஹாரனும் இன்ஜினும் அப்போதும் கேட்கும். சில நாடுகளில் இதற்குக் கட்டுப்பாடு உண்டு, ஓட்டப்போகிற இடத்தின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
அதோடு விண்ட்ஸ்கிரீன். உன் வண்டியில் நான்கு நிலைகள். உயரமாக வைத்தால் நல்லது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கண்ணாடியின் விளிம்பைத் தாண்டுகிற காற்று சுழன்று சரியாக ஹெல்மெட்டில் மோதினால் தலை ஆடும், கழுத்து வலிக்கும். சில பேருக்குத் தாழ்த்தி வைத்து, தலையைத் தெளிவான காற்றில் விடுவதே சுகம். ஒவ்வொரு நிலையிலும் ஓட்டிப் பார், மீனாவையும் கேள். உனக்கு நன்றாக இருக்கும் நிலை அவளுக்குச் சூறாவளியாக இருக்கலாம்.
1976-இல் பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்எஸ் வண்டிக்காக பினின்ஃபரினாவின் காற்றுச் சுரங்கத்தில் ஃபேரிங்கை (காற்றைத் திருப்பும் முன் உறையை) வைத்துச் சோதித்தார்கள். அன்றிலிருந்தே இந்த வகை வண்டியின் பாதி உயிர் காற்றில்தான்.

அம்மா, பிற்பகல் 12:44
உடை? வெறும் சட்டையோடு போகப் போகிறார்களா?

அண்ணன், பிற்பகல் 12:50
இல்லை அம்மா. ஜாக்கெட்டும் பேண்டும் இஎன் 17092 என்ற ஐரோப்பியப் பாதுகாப்புத் தரத்தில் ஏஏ அல்லது ஏஏஏ என்று எழுதியிருப்பதாக இருக்கட்டும். ஜாக்கெட்டுக்குள் முதுகைக் காக்கும் முதுகுப் பட்டை இஎன் 1621-2, லெவல் 2. பல ஜாக்கெட்டுகளில் முதுகுக்கு வெறும் நுரைத் தகடுதான் வரும், தனியாக வாங்கிப் போட வேண்டும். மீனாவுக்கும் அதே தரம். பின்னால் உட்காருபவருக்குக் குறைந்த உடை போதும் என்பது மிகத் தவறான பழக்கம்.

மீனா, பிற்பகல் 12:52
அப்படியானால் பெட்டியே வேண்டாமா மாமா? என் துணி எங்கே வைப்பது?

மாமா, பிற்பகல் 1:10
வேண்டும் அம்மா, இப்போது பேசலாம். பக்கப் பெட்டிகள் இரண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கனமானவை அதில், கீழாகவும் முன்பக்கமாகவும். கருவிகள், செயின் எண்ணெய், பஞ்சர் பெட்டி எல்லாம் அங்கே. டாப் பாக்ஸ் பின் அச்சுக்கும் பின்னால், உயரத்தில் தொங்குகிறது. அங்கே வைக்கிற ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். அதில் மழைச் சட்டையும் குளிருக்கான துணியும் மட்டும். மீனா சாய்ந்துகொள்ள மெத்தை உள்ள டாப் பாக்ஸ் என்றால் வாங்கலாம். ஒவ்வொரு பெட்டியிலும் எடை வரம்பு எழுதியிருக்கும், உள்மூடியைப் பார். கையேட்டில் மொத்தச் சுமை வரம்பு இருக்கிறது. நீங்கள் இருவர், உடை, ஹெல்மெட், பெட்டி, சாமான் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கூட்டிப் பார்க்காமல் கிளம்பாதே.

கதிர், பிற்பகல் 1:14
கூடுதல் விளக்கு?

அண்ணன், பிற்பகல் 1:21
முகப்பு விளக்கு மேலே பார்த்ததால்தானே அது வேண்டும் என்று தோன்றியது? ப்ரீலோட் சரியான பிறகு ஓர் இரவு ஓட்டிப் பார். அப்போதும் வேண்டும் என்றால் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) வைத்து, பேட்டரிக்கு மிக அருகில் ஃபியூஸ் போட்டு இணை. இருக்கிற ஒயரை வெட்டி ஒட்டவே கூடாது. போனை ஹோல்டரில் மாட்டுவதாக இருந்தால் அதிர்வைத் தடுக்கும் ரப்பர் உள்ளதாக வாங்கு. மோட்டார் சைக்கிள் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது.

கதிர், பிற்பகல் 1:25
மாமா, உங்கள் எஃப்ஜேஆர்1300 மாதிரி செயினுக்குப் பதில் சுழலும் தண்டு, ஷாஃப்ட், இருந்தால் செயின் வேலை இல்லை. இதில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் விட வேண்டும்?

மாமா, பிற்பகல் 1:37
500 முதல் 800 கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழையில் ஓட்டினால் அன்று மாலையே. ஓட்டி முடித்து செயின் சூடாக இருக்கும்போது உள்பக்கமாக விடு, இரவெல்லாம் ஊறட்டும். கம்பி பிரஷ் தொடாதே, செயின் இணைப்புகளில் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் கிழிந்தால் உள்ளிருக்கும் கிரீஸ் போய்விடும். தொய்வைக் கையேட்டில் உள்ள அளவுக்கு வை. ஒருபோதும் இறுக்கமாக வேண்டாம். இருவர் ஏறிப் பின்பக்கம் அமுங்கும்போது செயின் இன்னும் இழுபடும், பெரிய இழுவை கியர்பாக்ஸ் பேரிங்கைத் தின்றுவிடும். அந்த வண்டிக்கு நடு ஸ்டாண்ட் இல்லை, அதனால் நீ பேடாக் ஸ்டாண்ட் வாங்கியே ஆக வேண்டும். பட்டியலில் அதை முதலில் எழுது.
ஷாஃப்ட்டுக்கும் வேலை உண்டு, எண்ணெய் மாற்ற வேண்டும். வண்டியும் கனம்தான். ஆனால் மழை நாளில் அதன் அருமை தெரியும், மறைக்க மாட்டேன்.

கதிர், பிற்பகல் 1:39
டயர், பேடாக் ஸ்டாண்ட், முதுகுப் பட்டை இரண்டு, காதடைப்பான், பக்கப் பெட்டி. விளக்கைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

அத்தை, பிற்பகல் 1:41
மீனாவின் முழங்காலை மறந்துவிட்டாய். சீட்டைக் கொஞ்சம் உயர்த்தித் தைத்தாலோ ஃபுட்ரெஸ்ட்டைத் தாழ்த்தும் தகடு போட்டாலோ சரியாகும். அதுவரை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்க விடு. அவள் கேட்கும் வரை காத்திருக்காதே.

மீனா, பிற்பகல் 1:42
❤️ அத்தை

அம்மா, பிற்பகல் 1:50
கிளம்பும்போது ஒரு செய்தி, சேர்ந்ததும் ஒரு செய்தி. நடுவில் போனைத் தொட வேண்டாம்.

கதிர், பிற்பகல் 1:51
சரி அம்மா.

மாமா, பிற்பகல் 1:55
புது டயர் போட்டதும் முதல் 150 கிலோமீட்டர் வேகமாகச் சாய்க்காதே, வழுக்கும். அந்த வழுக்கல் போன பிறகு அடுத்த ஞாயிறு வா, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கையும் அளந்துவிடலாம்.