வாரிசு வரி வரப்போகுதுன்னு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து கேக்குறாங்க, போடலாமா?

மணப்பாறை தையல்:
வணக்கம். அப்பா போன ஆடியில தவறிட்டார். உயில் எதுவும் எழுதலை. அவர் சம்பாத்தியத்துல கிரயம் வாங்கின ஒன்றரை ஏக்கர் புஞ்சையும் ஊருக்குள்ள ஒரு ஓட்டு வீடும் இருக்கு. அம்மா, அண்ணன், நான், மூணே பேர். சித்தப்பா சொல்றார், "அமெரிக்கா மாதிரி இங்கயும் வாரிசு வரி போடப் போறான், பாதி சொத்து கவர்மெண்டுக்குப் போயிடும். அதுக்குள்ள உன் பங்கை விட்டுட்டு அண்ணன் பேருக்கு விடுதலை எழுதிக் குடுத்துடு"ன்னு. 2024 எலெக்‌ஷன் சமயத்துல டிவியிலயும் இந்தப் பேச்சு அடிபட்டுச்சு. நிஜமா வருதா? பெரிய பணக்காரங்ககிட்ட வாங்குறது நியாயம்னுதான் எனக்கும் படுது. ஆனா எங்க புஞ்சையில எதுக்கு கை வைக்கணும்?

பழைய கோப்பு:
அம்மா, நான் வருமான வரி அலுவலகத்துல குமாஸ்தாவா சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவன். முதல்ல ஒண்ணு: கையெழுத்து போடாதீங்க.

இந்த வரி நம்ம நாட்டுல ஏற்கெனவே இருந்ததுதான். 1953ல வந்த எஸ்டேட் டூட்டி. கடைசிக் காலத்துல 20 லட்சத்துக்கு மேல இருந்த பகுதிக்கு 85 சதவீதம். அந்தக் காலத்து 20 லட்சம்! மணப்பாறையில அப்போ எத்தனை பேர்கிட்ட இருந்திருக்கும்னு யோசிச்சுக்கோங்க. 1985 பட்ஜெட்ல வி.பி. சிங் அதை எடுத்துட்டார். வசூலே சுமார் 20 கோடிதான், அதுக்கு ஆகிற செலவும் வழக்கும் கட்டுப்படியாகலைன்னு காரணம் சொன்னாங்க. பெரிய இடத்துல சாகறதுக்கு முன்னாடியே டிரஸ்ட், தானம்னு மாத்தி வச்சுடுவாங்க. அப்புறம் செல்வ வரி, பெரிய சொத்து வச்சிருக்கவங்ககிட்ட வருஷா வருஷம் வாங்கினது. அது 1957லேருந்து இருந்து 2015 பட்ஜெட்ல போச்சு. 2013-14ல அதுல வந்தது நாடு முழுக்க 1,008 கோடி. இன்னைக்கு தேதியில ரெண்டுமே கிடையாது. அப்பா சொத்து உங்களுக்கு வந்தா அது வருமானமும் ஆகாது. பின்னாடி வித்தாதான் கணக்கு.

உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024ல வெளியிட்ட கணக்குப்படி இந்தியாவோட மொத்த சொத்துல 40.1 சதவீதம் மேல்தட்டு ஒரு சதவீதம் பேர் கையில இருக்கு. வரி திரும்ப வந்தாலும் அவங்க வாசல்லதான் முதல்ல நிக்கும். பயப்படுறது என்னவோ ஒன்றரை ஏக்கர்க்காரங்க.

சந்தேகப் பிராணி:
சார், வரியே வராதுன்னு அடிச்சுச் சொல்லாதீங்க. ஜப்பான்ல 55 சதவீதம் வரைக்கும் வாங்குறான். நாளைக்கு இங்கயும் வந்தா? உழைச்சவன் தலையிலதான் விடியும். அம்பானி எப்படியும் தப்பிச்சுப்பார்.

பழைய கோப்பு:
வராதுன்னு நான் எங்கே சொன்னேன்? வந்தா வரம்பு எங்கே வைக்கிறாங்கன்னு பாருங்கன்னுதான் சொல்றேன். இப்பவே ஒரு வரம்பு இருக்கு, தலைகீழா. குடும்பத்துக்குள்ள பாகப்பிரிவினைக்கு நம்ம மாநிலத்துல முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம். ஆனா பங்கு ஒண்ணுக்கு 40,000க்கு மேல கிடையாது (2023 ஜூலைக்கு முன்னாடி 25,000). 40 லட்ச ரூபா பங்குக்கும் அதே 40,000. 4 கோடி ரூபா பங்குக்கும் அதே 40,000. இதுக்கு எந்த டிவியிலயும் விவாதம் வைக்கலை.

திருச்சி வக்கீல்:
"சொத்தை எடுத்துக்குவாங்க"ங்கிற பயத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை. சொத்துரிமை 1978ல 44வது திருத்தத்தோட அடிப்படை உரிமைப் பட்டியல்லேருந்து போயிடுச்சு. ஆனா அரசியலமைப்புல 300ஏ பிரிவு இருக்கு, சட்டம் இல்லாம ஒரு சென்ட் எடுக்க முடியாது. 2024 நவம்பர் 5ல சுப்ரீம் கோர்ட்டோட ஒன்பது நீதிபதிகள் அமர்வும் 39வது பிரிவைப் பத்திப் பேசிட்டாங்க. மும்பையில பழைய கட்டடங்களை எடுக்கிற சட்டத்துலேருந்து கிளம்பின வழக்கு. தனியார் சொத்து எல்லாத்தையும் சமூகத்தின் வளம்னு கணக்குல எடுக்க முடியாதுன்னு பெரும்பான்மை தீர்ப்பு.

அதே 39வது பிரிவுல, செல்வம் ஒரு சிலர்கிட்ட குவியாம அரசு பார்த்துக்கணும்னும் இருக்கு. அதை நிறைவேத்தச் சொல்லி கோர்ட் படி ஏற முடியாது. 37வது பிரிவு தடுக்குது. ஆனா தங்கச்சி, உங்க பங்குக்கு நீங்க ஏறலாம். உயில் இல்லாம இறந்த இந்து ஆணோட சொந்த சம்பாத்தியம் மனைவி, மகன், மகள் மூணு பேருக்கும் சமம். 1956லேருந்தே அப்படித்தான். பூர்வீக சொத்துலயும் மகளுக்குப் பங்குன்னு தமிழ்நாடு 1989லயே திருத்தம் கொண்டுவந்துச்சு.

வரிக்குப் பயந்து பிரிக்கிறவங்க பல பேருக்குப் பிரிச்சு வைப்பாங்க, தலைக்குக் குறையட்டும்னு. ஒரே பேருக்கு மாத்தச் சொல்ற உங்க சித்தப்பா கணக்கு எனக்குப் புரியலை.

மணப்பாறை தையல்:
ஐயா, வக்கீல் அண்ணா, ரொம்ப நன்றி. அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். அவங்களுக்கும் பங்கு உண்டுங்கிறதே இப்பத்தான் தெரியும்கிறாங்க. அண்ணன்கிட்ட எப்படிப் பேச்செடுக்கிறதுன்னுதான் தெரியலை. சண்டை வேணாம்.

திருச்சி வக்கீல்:
சண்டையா ஆரம்பிக்காதீங்க. மூணு பேரும் சேர்ந்து தாலுகா ஆபீஸ்ல வாரிசுச் சான்றிதழுக்கு மனு போடுங்க. அண்ணன் பேங்குக்கோ பட்டாவுக்கோ போனாலும் அதைத்தான் கேப்பாங்க. பேர் மூணும் வந்துட்டா பேச்சு தானா வரும். பட்டா கூட்டா இருக்கட்டும். அதுவரைக்கும் வெத்துப் பத்திரத்துல எதுலயும் கையெழுத்து வேணாம், அம்மாவும்தான். பதிவான விடுதலையை ரத்து பண்ணணும்னா வருஷக்கணக்கா அலையணும்.