32 இன்ச் மானிட்டர் மேசைக்குப் பொருந்துமா? அவசரம்

கோடுபோடுபவன்:
32 இன்ச் வாங்கலாமா, 27 போதுமா? மேசை 120 செ.மீ. அகலம், இடம் தாராளமாக இருக்கிறது. இன்றிரவுக்குள் ஆர்டர் போட வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள்.

தச்சுப்பட்டறை:
அகலம் இருக்கட்டும், ஆழம் எவ்வளவு? அதாவது சுவரிலிருந்து நீங்கள் உட்காரும் விளிம்பு வரை. அப்புறம், என்ன வேலைக்கு?

பிக்சல்பித்தன்:
ரெசல்யூஷனை, அதாவது திரையில் எத்தனை பிக்சல் (புள்ளி) என்பதைச் சொல்லாமல் எப்படிச் சொல்வது? 27 இன்ச்சில் 1920 × 1080 என்றால் ஒரு இன்ச்சுக்கு 82 பிக்சல்தான், எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். 2560 × 1440 என்றால் 109. 32 எடுத்தால் 4கே (3840 × 2160) எடுங்கள்.

பழையகுழாய்த்திரை:
தம்பி, 32 என்பது மூலைக்கு மூலை அளவு. இதுகூடத் தெரியாமல் ஆர்டர் போடக் கிளம்பினால் எப்படி? அகலமும் உயரமும் 16:9 விகிதத்தில் உள்ள திரையில் அது 71 செ.மீ. அகலம், 40 உயரம். 27 என்றால் 60, 34. முதலில் டேப்பை எடுத்து அளந்துவிட்டு வந்து கேளுங்கள்.

கோடுபோடுபவன்:
ஆழம் 60. எக்செல், கொஞ்சம் கோடிங். வேறு எதுவும் இல்லை.

தச்சுப்பட்டறை:
60 என்றால் யோசிக்க வேண்டும். ஸ்டாண்டின் பாதமே 20, 25 செ.மீ. பிடித்துக்கொள்ளும். சுவரோடு ஒட்டி வைத்தாலும் திரை ஏறக்குறைய ஒரு சாண் முன்னால்தான் நிற்கும். கண்ணுக்கும் திரைக்கும் நடுவே 50, 55 செ.மீ. மிஞ்சினால் அதிகம்.

என் மேசையும் அதே ஆழம்தான். அதில் 32 வைத்து இரண்டு மாதம் ஓட்டினேன். எக்செல்லில் இடது ஓரத்து வரிசை எண்ணைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் கழுத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. மெனுவுக்கு அண்ணாந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் மேல் விளிம்பு கண் மட்டத்தைத் தாண்டிவிட்டது. பிடரி வலி தாங்காமல் 27க்கு மாறினேன்.

ஒன்று செய்யுங்கள். பழைய அட்டைப்பெட்டியை 71க்கு 40 வெட்டி, திரை வரும் இடத்தில் நிறுத்தி, அரை மணி நேரம் அதன் முன்னால் உட்காருங்கள்.

பிக்சல்பித்தன்:
மானிட்டர் ஆர்ம், அதாவது மேசை விளிம்பில் கிளாம்ப் (கவ்வி) போட்டுத் திரையைத் தாங்கும் மடக்குக் கை, மாட்டினால் இந்தப் பிரச்சினையே இல்லை. திரை சுவர் வரை பின்னால் போய்விடும்.

பழையகுழாய்த்திரை:
போகாது. திரையைப் பின்னால் தள்ளினால் ஆர்மின் முழங்கை மடிந்து சுவரில் இடிக்கும். மேசையைச் சுவரை விட்டு நகர்த்தினால்தான் மடங்க இடம் கிடைக்கும்.

பிக்சல்பித்தன்:
பக்கவாட்டில் மடிக்கலாமே? நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். மானிட்டரின் முதுகில் 100 × 100 மி.மீ. திருகுத் துளை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

பழையகுழாய்த்திரை:
பக்கவாட்டில் மடித்தால் திரை நடுவில் நிற்க, கிளாம்பை ஓரமாக மாட்ட வேண்டும். அந்த இடத்தில் மேசைக்கு அடியில் சட்டம் ஓடினால் கிளாம்ப் பிடிக்காது. கண்ணாடி மேசை என்றால் மாட்டவே கூடாது.

தச்சுப்பட்டறை:
அவர் ஆர்ம் பற்றிக் கேட்கவே இல்லையே. மேசை மரமா, கண்ணாடியா என்றும் நமக்குத் தெரியாது.

கோடுபோடுபவன்:
அட்டை வெட்டி வைத்துப் பார்த்தேன். பத்து நிமிடம்கூட உட்கார முடியவில்லை. 27, 1440 ஆர்டர் போட்டாயிற்று. நன்றி.

தச்சுப்பட்டறை:
நல்லது. ஸ்டாண்டில் உயரம் ஏற்றி இறக்க முடியுமா, பார்த்தீர்களா?